சோழர் குடியின் மூதாட்டி

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம்மவர் நாவிற் பழகிய பழமொழி. ஒரு கூரையின்கீழ் இவ்விருவரும் ஒத்து வாழ்தல் எளிதன்று என்னும் அநுபவத்தினின்றே அது பிறந்திருத்தல் வேண்டும். ஓர் அரசனுக்கு வாய்த்த மனைவியர் பலர், வெவ்வேறு குறுநில மன்னர் குடிகளிலிருந்து வந்தவர்கள், தம்முள் ஒருமனப்பட்டுத் தம் மாமியார் பிறந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுதற்கு நிவந்தம் வைத்தனர் என்று யாரேனும் கூறினால் நம்புதற்குச் சிறிது தயங்குவோம். ஆயினும் அது நடந்தது. நாகபட்டினத்தை அடுத்த கீழ்வேளூர்ப் பகுதியிலே செம்பியன் மாதேவி என்னும் பெயருடைய ஊர் ஒன்று உண்டு. அவ்வூர்க் கைலாசநாதர் கோயிற் கல்வெட்டுகளில், உத்தம சோழன் தேவியர், சித்திரைத் திங்கட் கேட்டை நாளிலே சிறப்பு வழிபாடு நிகழ்தற்பொருட்டுச் செய்த தருமம் பொறிக்கப்பெற்றுள்ளது. அக்கேட்டை அவர்தம் மாமியார் பிறந்த நாண்மீன். அம்மாமியாரே செம்பியன் மாதேவியார். ஊரும் அவர் பெயரால் அமைந்ததே.

கல்வெட்டுகள் பெரும்பாலும் அன்பைப் பற்றிப் பேசுவதில்லை. நிலம் எவ்வளவு, நெல் எவ்வளவு, அளப்பவர் யார், தவறினால் தண்டம் யாது என்பனவே அவற்றின் பேச்சு. எனினும் இவ்வம்மையாரைப் பற்றிய சாசனங்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, அவ்வறண்ட எழுத்துகளுக்கு ஊடே ஒரு குடும்பம் தன் மூதாட்டியிடம் வைத்திருந்த பேரன்பு வெளிப்படுதலைக் காணலாம். அக்குடும்பமோ எளிய குடும்பமன்று. அரியணைக்கு உரியவர் யார் என்னும் வினாவினால் இருமுறை மும்முறை பிளவுண்டு போயிருக்கக்கூடிய குடும்பம்.

அம்மையார் மழவர் குடியிற் பிறந்தவர். முதற் பராந்தக சோழனின் புதல்வருள் ஒருவராகிய கண்டராதித்தரை மணந்து தஞ்சை அரண்மனைக்கு வந்தவர். கி. பி. 941இல் கோயில் ஒன்றிற்கு நந்தாவிளக்கு எரிக்க அறம் வைத்தவராக அவரை முதன்முதற் காண்கின்றோம். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலிடம் ஒப்புவித்தலும், அவற்றைப் பெற்ற இடையன் நாடோறும் ஓர் உழக்கு நெய் அளந்துவருதலும் அக்கால வழக்கு. ஆடுகள் இறப்பினும் ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கை குறையாதாகலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்று வழங்கினர். அன்று அம்மையார் ஆட்சிபுரியும் மன்னனின் மருமகள். அரசி ஆதற்கும் வாய்ப்பு இல்லாதவர். ஏனெனில், பட்டத்துக்கு உரியவராக மூத்தவர் இராசாதித்தர் இருந்தார்.

கி. பி. 949இல் தக்கோலத்திலே நிகழ்ந்த பெரும்போர் இவையனைத்தையும் மாற்றிவிட்டது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு பொருத இராசாதித்தர், யானைமீதிருந்தபடியே உயிர் துறந்தார். தொண்டைமண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. பராந்தகன் அரிதிற் கட்டிய பேரரசு சுருங்கிச் சோழநாட்டளவில் நின்றது. அவ்வேளையிலே முடி கண்டராதித்தர் தலைக்கு வந்தது. அவரோ வாளினும் தமிழையும் சிவத்தையும் மிகுதியாக நேசித்தவர். தில்லைக் கூத்தப்பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாந் திருமுறையிற் சேர்ந்து இன்றும் ஓதப்படுகின்றது. சோழப் பேரரசர் நிரலிலே திருமுறை ஆசிரியராக வைத்து எண்ணப்படுபவர் அவரே.

கி. பி. 957 அளவில் அவர் காலம் முடிந்தது. பிற்காலக் கல்வெட்டுகள் அவரை மேற்கெழுந்தருளின தேவர் என்று குறிக்கின்றன. மேற்றிசை நோக்கித் தலயாத்திரை போயினார் என்பர் சிலர். இறந்தமையை மங்கலமாகக் கூறியவாறு என்பர் வேறு சிலர். எது உண்மையாயினும் ஆகுக. அரண்மனையிலே இளம் பிராயத்துத் தேவி ஒருவரும் அவர் கையில் மதுராந்தகன் என்னும் சிறு மகவும் எஞ்சினர். நாடோ பகைவர் நடுவில். குழந்தையை அரியணையிலிருத்தி நாடு காத்தல் இயலாது. ஆதலின் முடி கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்குச் சென்றது. அவரும் நெடுநாள் இராமல் மறைய, அவர் மைந்தர் சுந்தர சோழர் அரசரானார். மூத்த வழியின் பிள்ளை தொட்டிலிற் கிடக்க, இளைய வழியினர் கையில் நாடு போயிற்று என்பது இதன் பொருள்.

இதே அரண்மனையிற் சில ஆண்டுகளின் பின் நிகழ்ந்ததொன்றை இங்கே நினைத்தல் வேண்டும். சுந்தர சோழர் இறந்தபோது அவர் தேவியாகிய வானவன் மாதேவியார், மலையமான் குடிப்பிறந்தவர், பால் மணம் மாறாத குழந்தையையும் விட்டு நீங்கிக் கணவரோடு எரி புகுந்தார் என்று திருக்கோவலூர்ச் சாசனம் கூறுகின்றது. அக்கால உலகம் அச்செயலைப் பெரிதும் புகழ்ந்தது. செம்பியன் மாதேவியார் முன்னும் இவ்வழி இருந்திருக்கும். அவர் அதிற் செல்லவில்லை. வாழ்ந்தார். கைம்மைக் கோலத்தோடு, மகனை வளர்த்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தார். எரி புகுந்த அம்மையாரின் அன்பைக் குறைத்துக் கூறுதல் என் கருத்தன்று. ஆயினும், தனியிருந்து வாழ்தற்கு வேண்டிய நெஞ்சுரம் எரி புகுதற்கு வேண்டியதினும் சிறிதென்று எவரும் எனக்கு நிறுவுதல் அரிது.

இளவரசன் வளர்ந்தான். அவனோடு சிக்கலும் வளர்ந்தது. சுந்தர சோழரின் மூத்த மகனாகிய ஆதித்த கரிகாலன் பெருவீரன். இளவரசுப் பட்டம் பெற்றவன். அவன் கி. பி. 970ஐ ஒட்டிய காலத்திலே வஞ்சகமாகக் கொல்லப்பட்டான். அதனையடுத்து முடி சூடியவர் செம்பியன் மாதேவியாரின் மகன் மதுராந்தகர். அவரே உத்தம சோழர் எனப் பெயர் பெற்றார். இறந்தவன் தம்பி அருண்மொழிவர்மனையே அரசனாகுமாறு குடிகள் வேண்டினர் என்றும், தம் சிறிய தந்தைக்கு நாட்டில் விருப்பமுள்ளவரை அதனை மனத்தாலும் விரும்பேன் என்று அவன் மறுத்தான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உரைக்கின்றன. அருண்மொழிவர்மனே கி. பி. 985இல் முடி சூடிய முதல் இராசராசன் என்பதை யாவரும் அறிவர்.

கொலையாளிகள் யார்? இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரிய உடையார்குடிச் சாசனம், சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று கூறி, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள் பறிக்கப்பட்டமையைத் தெரிவிக்கின்றது. உத்தம சோழர் ஆண்ட ஆண்டுகளில் இது நிகழாது இராசராசன் வந்தபின் நிகழ்ந்தமையால், கொலையில் உத்தமருக்கும் பங்குண்டு என்று பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் கருதினார். சதாசிவ பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் அக்கருத்தை மறுத்தார். அறிஞர் இருவர் மாறுபடுமிடத்துப் பள்ளியாசிரியன் ஒருவன் தீர்ப்புக் கூறப் புகுதல் முறையன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருத்தல் இயலவில்லை.

ஐயத்துக்கு உரிய மகனைப் பெற்ற தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். கொலையுண்டவன் அவர்க்கு வேற்றானல்லன். கொழுந்தன் வழிவந்த பேரன். அவன் உடன்பிறந்தார் குந்தவையும் அருண்மொழியும் அதே குடியில் வளர்ந்தவர்கள். அம்மையாரின் மகன் கையில் அவர்கள் தமையன் குருதி இருந்ததாக அவர்கள் நம்பியிருப்பின், இராசராசன் அரசனானபின் அம்மூதாட்டியின் நிலை யாதாகியிருக்கும்? சாசனங்கள் காட்டுவதோ வேறு. இராசராசனது ஆட்சியில் அம்மையாரின் அறங்கள் தடையின்றி நடந்தன. அவர் பேரனும் உத்தமரின் மகனுமாகிய மதுராந்தகன் கண்டராதித்தன், கோயிற் கணக்குகளை ஆராய்ந்து குறை கண்டவிடத்துத் தண்டம் விதிக்கும் பொறுப்பான பதவியிலே இராசராசனால் அமர்த்தப்பெற்றான். பகைவன் மகனுக்குக் கருவூலத்தின் திறவுகோலைக் கொடுப்பார் உளரோ? கோயில்கள் அன்று கருவூலங்களேயன்றோ? மகன் குற்றமற்றவன் என்று இதனால் முற்றும் நிறுவியதாகாது. ஆயினும் அக்குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே வெட்டு விழவில்லை என்பது தெளிவு. வெட்டு விழாமற் காத்த கைகளுள் அம்மையாரின் கை ஒன்றென்று யான் கருதுகின்றேன்.

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனைப் படித்த மாணவர்கள் வகுப்பில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மகன் அரசனாதலை அம்மையார் எதிர்த்தது மெய்யோ, குழந்தை மாறியது மெய்யோ என்பார்கள். கதை கதையே. எந்தச் சாசனமும் அவ்வாறு கூறவில்லை. சாசனங்களில் அம்மையார் தம்மை அறிமுகஞ் செய்துகொள்ளும் முறை இருவகைத்து: கண்டராதித்தரின் தேவியார், உத்தம சோழரைத் திருவயிற்றிற் சுமந்த பிராட்டியார். மகனைப் பெற்றமையைப் பெருமையாகக் கல்லில் வெட்டுவித்த தாய் அவர். கேட்ட மாணவர் முகம் சற்றே வாடுவதுண்டு. கதையினும் வரலாறு சுவை குறைந்ததன்று என்பதை அவர்கள் பின்னர்த் தாமே உணர்வர்.

மகன் ஆட்சிக்கு வந்தபின்னர்தான் அம்மையாரின் பெரும்பணி முழுவீச்சிற் புறப்பட்டது. மூவர் பாடிய தலங்கள் பல அந்நாளிற் செங்கற் கட்டடங்களாக இருந்தன. மழைக்கும் வெள்ளத்துக்கும் ஆளாகிச் சிதைந்துகொண்டிருந்தன. காவிரிக் கழிமுகத்திலே மலை இல்லை. கல்லைத் தொலைவினின்று கொணர்தல் வேண்டும். அம்மையார் அத்தளிகளை ஒவ்வொன்றாகக் கற்றளிகள் ஆக்கினார். திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருமணஞ்சேரி, திருத்துருத்தி, ஆநாங்கூர், திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம், திருவக்கரை என்று அந்நிரல் நீளும். கட்டியதோடு அமையாது விளக்குக்கும் அமுதுக்கும் திருவிழாவுக்கும் பணியாளர்க்கும் நிலம் விட்டார். பொன்னிலும் வெள்ளியிலும் கலங்கள் அளித்தார்.

இவற்றுள் திருநல்லம் தனித்துக் குறிக்கத்தக்கது. அஃது இன்று கோனேரிராசபுரம் என வழங்குவது. அக்கோயிலைத் தம் கணவர் பெயராலே எடுப்பித்தார். அதன் தென்சுவரிலே கண்டராதித்தர் சிவலிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடும் கோலம் சிறிய சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது. அருகே எழுத்தும் உண்டு. பெருவெற்றிகள் பெறாது மறைந்த மன்னர் அவர். ஆட்சியும் குறுகியது. மகன் அரசனாகும்வரை அவர் பெயரை எடுத்துப் பேசுவாரும் அரியராய் இருந்திருப்பர். அத்தகையவரை, வாளேந்திய கோலத்திலன்றி அவர் உள்ளம் எங்கே இருந்ததோ அந்தப் பூசைக் கோலத்திலே நிறுத்தினார் மனைவியார். அக்கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தன் என்பவனின் உருவமும் பெயரும் அங்கேயே இடம்பெற்றுள்ளன. பணி செய்தவனை மறவாத பெருந்தகைமையும் அவரிடம் இருந்தது.

இன்னொன்று. கணவர் சொல்லாற் பாடிய தில்லைக் கூத்தனை அம்மையார் கல்லில் ஆடவைத்தார். அவர் எடுப்பித்த கற்றளிகளின் தென்புறக் கோட்டத்திலே ஆடவல்லான் திருவுருவம் நிலையாக இடம்பெறத் தொடங்கியது என்பதைச் சிற்பநூல் வல்லார் எடுத்துக் காட்டுவர். பின்னர்ச் சோழநாடெங்கும் அவ்வடிவம் செம்பிலும் கல்லிலும் பெருகிற்று.

திருக்கோடிகாவில் நிகழ்ந்ததோ என்னைப் போன்ற ஏட்டுப்பூச்சிகளுக்குத் தேனாக இனிப்பது. அக்கோயிலைக் கற்றளியாக்குதற்குப் பழைய கட்டடத்தைக் கலைத்தபோது, முற்காலத்தவர் தருமங்களைப் பொறித்த கற்கள் பல அங்கே சிதறிக் கிடந்தன. பல்லவர் காலத்தனவும் அவற்றுள் இருந்தன. புதிய பணிக்கு அக்கற்கள் உதவா. வேறு யாராயினும் அவற்றை அடித்தளத்திலே புதைத்திருப்பர், படிக்கட்டாக்கியிருப்பர். நம் காலத்துத் திருப்பணிகளிலே சுண்ணாம்பு பூசி மறைத்த எழுத்துகளும் உளியாற் கொத்தி அழித்த எழுத்துகளும் எத்தனை என்று எண்ணினால் நெஞ்சு வேகும். அம்மையாரோ அவ்வெழுத்துகளையெல்லாம் படியெடுப்பித்துப் புதிய சுவரிலே மறுபடி வெட்டுவித்தார். இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் இடுவித்தார். தம் குலத்தார் அல்லாதவர் செய்த தருமமும் அழிதலாகாது என்னும் எண்ணம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே, ஒரு நூலாசிரியனுக்குரிய நேர்மையோடு, மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து நடந்த பெண்மணி அவர்.

இப்பழக்கங்கள் குடும்பத்திற் பரவின. இராசராசனின் தமக்கை குந்தவையார் தாதாபுரத்திற் சிவனுக்கும் திருமாலுக்கும் சினதேவருக்கும் கோயில்கள் எடுத்தார். தஞ்சையிலே தம் தந்தையார் பெயரால் ஆதுலர் சாலையும் வைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலிலே தம் பெற்றோரின் செப்புப் படிமங்களை எழுந்தருளுவித்தார். திருநல்லத்துச் சுவரிலே பாட்டியார் பாட்டனாரை நிறுத்திய காட்சி அவர் கண்முன் இருந்திருத்தல் கூடும். இராசராசனின் தேவி உலோகமாதேவியார் திருவையாற்றில் வடகயிலாயம் எடுத்தார். அக்கற்றளி மரபு கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. பொலன்னறுவையிலே வானவன்மாதேவீச்சரம் எனச் சோழ அரசியார் ஒருவர் பெயர் தாங்கி நிற்கும் சிவன் கோயிலைப் பார்த்தவர்கள், அது செங்கல்லாலன்றி முற்றும் கல்லால் ஆனதென்பதை நினைவுகூர்வார்கள். காவிரிக் கரையிலே அம்மையார் தொடங்கிய தொழில் அக்கற்களிலும் தெரிகின்றது என்று கூறுதல் மிகையாகாது.

மருமகளிர் செய்தியை மறந்துவிடவில்லை. உத்தம சோழரின் பட்டத்தரசி பெயரளவிலேயே கன்னட நாட்டுத் தொடர்பு தோன்ற நிற்பவர். ஏனையோருள் பழுவேட்டரையர் மகளும் இருங்கோளர் மகளும் இருந்தனர். ஒவ்வொருவர் பின்னும் ஒரு குறுநிலக் குடியின் செருக்கும் எதிர்பார்ப்பும் இருந்திருக்கும் அன்றோ? தத்தம் பிள்ளை, தத்தம் பிறந்தகம் என்று இழுபறி இல்லாத அரண்மனை உலகில் உண்டோ? அவர்கள் யாவரையும் ஒரே கேட்டை நாளிலே ஒரே கோயிலில் ஒன்றுசேர்த்து நிறுத்த வல்லவராய் இருந்தவர் வெறும் சாதுவான முதியவராய் இருந்திருக்க முடியாது. நம் வீடுகளிலும் சில ஆச்சிமாரைக் கண்டிருக்கின்றோம். குரலுயர்த்தாமலே வீட்டை நடத்துவார்கள். அவர்கள் வாசலில் வந்தமர்ந்தால் சண்டை தானே அடங்கும். அத்தகைய ஓர் ஆச்சியாகவே அவரை எண்ணத் தோன்றுகின்றது.

கி. பி. 985இல் உத்தம சோழர் மறைந்தார். மகனையும் இழந்து அம்மையார் பின்னும் இருந்தார். துயரத்தால் ஒடுங்கிப் போயினாரோ எனின், இல்லை. திருவக்கரையிலே அவர் கற்றளி எடுப்பித்தது கி. பி. 1001இல், இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டில். அப்போது அவர்க்கு எழுபது வயது கடந்திருக்கும். முதல் விளக்கு வைத்ததற்கும் இதற்கும் இடையே 60 ஆண்டுகள். மாமன், கணவர், கொழுந்தர், கொழுந்தன் மைந்தர், மகன், பேரன் என ஆறு அரசர் ஆட்சியைக் கண்டாயிற்று. அதன்பின் அவர் செய்ததாகப் புதிய பணி எதனையும் காண்கிலேம்.

அமெரிக்காவின் வாசிங்டன் நகரத்து ஃபிரியர் கலைக்கூடத்திலே, 1929 முதல், சோழர் காலத்துச் செப்புப் படிமம் ஒன்று இருக்கின்றது. உயர்ந்த முடி, மெலிந்து நீண்ட உடல், மலரேந்தும் பாவனையில் ஒரு கை, மற்றொரு கை தளர்ந்து தொங்குகின்றது. உமையம்மையின் உருவென்பர் சிலர். அம்மை வடிவில் அமைத்த செம்பியன் மாதேவியாரே என்பர் வேறு சிலர். அறுதியிட்டுக் கூறுதற்குப் படிமத்தில் எழுத்து இல்லை. எழுத்துள்ள சான்று ஊரிலே இருக்கின்றது. கங்கைவரை படை செலுத்தியவனும் ஈழம் முழுவதையும் வென்றவனுமாகிய முதல் இராசேந்திரன், கி. பி. 1019இல், செம்பியன் மாதேவி ஊர்க் கைலாசநாதர் கோயிலிலே அம்மையாரின் படிமத்தை எழுந்தருளுவித்து, அதற்கு வழிபாடு நிகழ நிவந்தமும் அளித்தான். அவன் அம்மையாரின் நேர்வழிப் பேரனல்லன். தம்பி வழிக் கொள்ளுப்பேரன். சித்திரைக் கேட்டைக்கென்று மருமகளிர் முன்னர் நிவந்தம் வைத்த அதே கோயில் அது.